ஊரடங்கில் பிறந்த ஆல்பம்

2020 ஊரடங்கில் பாப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட், 'தி நேஷனல்' ராக் குழுவின் ஆரன் டெஸ்னரோடு கைகோத்தார். டெஸ்னர் நியூயார்க் மாநிலத்தில். ஸ்விஃப்ட் லாஸ் ஏஞ்சலஸ் வீட்டில். பியானோவும் கிட்டாரும் முன்னிற்கும் இசைத் துணுக்குகளை அவர் அனுப்புவார். இவர் மெட்டும் வரிகளும் கட்டி, பாடித் திருப்பி அனுப்புவார். 'கார்டிகன்' பாட்டு சில மணி நேரத்தில் வந்துவிட்டதாம்! ஆட்டம்போட வைத்த பாப் ஒதுங்கி, மெல்லிய ஃபோக் இசை வந்தது. துணிச்சல்தான். ஆல்பத்தின் 16 பாடல்களில் 11 பாடல்களின் தயாரிப்பில் டெஸ்னருக்குப் பங்கு. மற்றவற்றை ஸ்விஃப்டோடு சேர்ந்து தயாரித்தவர் ஜாக் ஆன்டனாஃப். 'ஃபோக்லோர்' என்ற அந்த ஆல்பம், 2021இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதைப் பெற்றது.