அழுகை பலமா, பலவீனமா?

அழுபவன் கோழை என்பது ஒரு கட்சி. மனம் விட்டு அழத் துணிச்சல் வேண்டும் என்பது எதிர்க்கட்சி. கண்ணீர் எதற்காக வருகிறது என்று பார்த்தால் வழக்கு எளிதில் தீரும்.

நம் கண்ணீர் மூன்று வகை. விழியை எப்போதும் ஈரமாக வைத்திருப்பது ஒன்று. புகையோ வெங்காய நெடியோ பட்டால் கழுவித் தள்ளுவது இரண்டாவது. மூன்றாவது, உணர்ச்சியால் வருவது. அது பக்கத்தில் இருப்பவருக்கு, "எனக்குத் துணை வேண்டும்" என்று சொல்கிறது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்றார்கள் நம் முன்னோர்.

பந்திங் மண்ணின் மைந்தர் மிஸ்புன் சிடேக். அவரிடம் பயிற்சி பெற்ற பூப்பந்து வீரர் லீ சோங் வெய், 2008, 2012, 2016 என மூன்று ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றவர். மூக்குப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகும் களம் திரும்பப் போராடினார். 2019 ஜூன் 13இல் ஓய்வை அறிவித்தபோது எல்லார் முன்னும் அழுதார். அவரைக் கோழை என்று யார் சொல்வார்?

நம் வீடுகளிலோ, "ஆம்பளப் பிள்ளை அழலாமா?" என்று அதட்டுகிறோம். கண்ணீரை மறைக்கப் பழகும் பையன், நாளை பெரிய துன்பம் வந்தாலும் வாய் திறக்க மாட்டான். அழுதால் பாரம் குறையும் என்பதும் பாதி உண்மைதான். அணைக்க ஒருவர் இருந்தால் குறையும். கேலி செய்தால் கூடும். நாள்கணக்கில் அழுகை ஓயாவிட்டால் மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

ஆக, அழுகை பலமா, பலவீனமா என்பதில் பாதித் தீர்ப்பு, அதைப் பார்த்துக்கொண்டு நிற்பவர் கையில் இருக்கிறது.