ஒன்பது கேள்விகள்

ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் என் தோழியர் "மனசு சரியில்லை" என்று சொல்வது அரிது. "அசதியா இருக்கு, நித்திரை இல்லை, சாப்பிட ஏலாது" என்பார்கள். மனச்சோர்வின் அறிகுறிகளைத் தேடும் பீ.எச்.கியூ-9 என்ற வினாக்கொத்து இவற்றையும் கேட்கிறது. கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாட்கள் அப்படி இருந்தது என்பதற்கேற்ப, ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை புள்ளிகள், மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்றே பொருள். நோய் இருக்கிறதா என்பதை அவரே பேசிப் பார்த்து முடிவு செய்வார். ஆனால் உயிரை விடும் எண்ணம் பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு "சில நாட்கள்" என்று பதில் வந்தாலே, மொத்தப் புள்ளியைப் பார்த்திராமல் உடனே உதவி தேட வேண்டும்.

பெற்றோரே, கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று மகளின் வேதனையை மறைக்காதீர்கள். துஆச் செய்யுங்கள், வைத்தியரிடமும் கூட்டிச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தில் தமிழிலும் பேசலாம்.