பழைய கோல்ஃப் மட்டை: கடையில் மாற்றுவதா, நாமே விற்பதா?

"கிளப்பை விற்கப் போகிறேன்" என்று பொன்மலையில் இருக்கும் என் மனைவியின் அண்ணனிடம் தொலைபேசியில் சொன்னேன். அவருக்கு எழுபத்தைந்து வயது. "மாப்பிள்ளை, எனக்குத் தெரியாமல் பூனாவில் எப்போது கிளப் வைத்தீர்கள்? வியாபாரம் சரியாகப் போகவில்லையா?" என்று கவலையோடு கேட்டார். எங்கள் தலைமுறைக்குக் கிளப் என்றால் காபி கிளப்தான். கோல்ஃப் ஆடும் மட்டைக்கும் அதே பெயர் என்று அவருக்குப் புரியவைக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று.

எனக்கும் கோல்ஃபுக்கும் சம்பந்தம் கிடையாது. மெக்கானிகல் டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, கோர்படி டீசல் லோகோ ஷெட்டில் கிரீஸும் கரியுமாகக் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். என் மகன் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையில் இருந்தபோது நண்பர்களோடு எரவாடாவில் ஆட ஆரம்பித்தான். 2017-ல் 95 ஆயிரம் ரூபாய் கொடுத்து ஒரு செட் வாங்கினான். 2022-ல் குடும்பத்தோடு கனடா போய்விட்டான். மட்டைகள் பரணில் ஏறின. போன வருஷம் பரணைச் சுத்தம் செய்தபோது, "இதை என்ன செய்யப் போகிறீங்க?" என்று மனைவி கேட்டாள். மகனைக் கேட்டேன். "விற்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் அப்பா" என்றான். விற்பது எப்படி என்று அவன் சொல்லவில்லை.

அந்த ஏழு வாரத்தில் நான் கற்றுக்கொண்டதைச் சங்க அன்பர்களுக்குச் சொல்லவே இந்தக் கட்டுரை. உங்கள் வீட்டில் கோல்ஃப் மட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஸ்கூட்டர், காமிரா, செல்போன், வீணை எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி நாலு வரி. இந்தியாவுக்கு இது புதிதல்ல. கல்கத்தாவின் ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் 1829-ல் தொடங்கியது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே இதுவே மிகப் பழையது. நம் பக்கத்தில் ஊட்டி, கொடைக்கானல் இரண்டிலும் ஆட்டம் உண்டு. புனேயில் எரவாடாவில் பூனா கோல்ஃப் கிளப் இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் (2021) ஆடிய உதயன் மானே புனேவாசிதான். ஓர் ஆட்டக்காரர் ஆட்டத்துக்குள் அதிகபட்சம் 14 மட்டைகள் எடுத்துச் செல்லலாம் என்பது விதி. தூரமாக அடிக்கப் பெரிய தலை உள்ள டிரைவர், நடுத்தர தூரத்துக்கு எண் போட்ட இரும்பு மட்டைகள், மணலிலிருந்து தூக்க வெட்ஜ், குழிக்குள் தள்ள பட்டர். என் மகனின் செட்டில் 12 இருந்தன.

விற்க இரண்டு வழிகள். ஒன்று, கடையில் கொடுத்து மாற்றுவது. நமக்கு இது புதிதா என்ன? பழைய பட்டுப்புடவையைக் கொடுத்து எவர்சில்வர் பாத்திரம் வாங்கிய குலம் நாம். இங்கே மராத்தியில் அந்தப் பாத்திரக்காரியைப் போஹாரீண் என்பார்கள். நாலு புடவைக்கு ஒரு வாளி என்று அவள் சொல்லும்போது வாளியின் விலை நமக்குத் தெரியாது, புடவையின் விலையை அவள் சொல்ல மாட்டாள். எக்ஸ்சேஞ்ச் வியாபாரத்தின் சூட்சுமம் முழுவதும் அதில் அடங்கிவிட்டது. இரண்டாவது வழி, ஆளைத் தேடிப் பிடித்து நாமே விற்பது.

கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். அங்கிருந்த பையன் மரியாதையாகவே பேசினான். மட்டைகளைப் புரட்டிப் பார்த்து, "ரொக்கமாக 16 ஆயிரம். எங்களிடமே புதுச் சாமான் வாங்கினால் 22 ஆயிரம் கழித்துக்கொள்கிறோம், ஆறு மாதத்துக்குள் வாங்க வேண்டும்" என்றான். 95 ஆயிரம் எங்கே, 16 எங்கே! எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது அவன் பக்கத்து நியாயம் புரிந்தது. கம்பெனிகள் வருஷந்தோறும் புது மாடல் விடுகின்றன. அதனால் பழையதன் விலை வேகமாக இறங்குகிறது. கடைக்காரர் வாங்கியது எப்போது விற்கும் என்று தெரியாது. அதுவரை அவர் பணம் முடங்கும், வாடகை ஓடும். குறை இருந்தால் வாங்குபவர் அவரிடம்தான் திரும்பி வருவார். இந்தச் சுமைகளை எல்லாம் அவர் தலையில் ஏற்றிக்கொள்வதற்கு நாம் தரும் கூலிதான் அந்த விலைக்குறைவு. ரயில்வேயில் கண்டெம் ஆன சாமானை ஏலம் விடும்போது புத்தக மதிப்பு ஒன்று, ஏலத்தில் வரும் விலை ஒன்று. வாங்கிய விலை வெறும் சரித்திரம். அதை மறந்தால்தான் விற்கவே முடியும்.

ஆனால் அந்த 22 ஆயிரம் உண்மையில் 22 ஆயிரம்தானா? இதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். அதே கடையில் 1,20,000 ரூபாய் புது செட் ஒன்றைக் காட்டி, "பழையது எதுவும் தராமல் வாங்கினால் என்ன விலை?" என்று கேட்டேன். பத்து சதவீதம் தள்ளுபடி என்றான். அதாவது 1,08,000. எக்ஸ்சேஞ்சில் வாங்கினால் அந்தத் தள்ளுபடி கிடையாது. 22 ஆயிரம் போக 98,000 கட்ட வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் 10,000 மட்டுமே. ஆக, பழைய செட்டுக்கு அவர்கள் தரும் உண்மையான விலை 10 ஆயிரம். ரொக்கமாகத் தருவதாகச் சொன்ன 16-ஐ விடக் குறைவு! எங்கே எக்ஸ்சேஞ்ச் என்றாலும் முதலில் எக்ஸ்சேஞ்ச் இல்லாத விலையைக் கேளுங்கள். இந்த ஒரு கேள்வி போதும்.

வரியிலும் லாபமில்லை. ஜி.எஸ்.டி. விதிகளில் 27-ஆம் விதி இதற்கு ஒரு செல்போன் உதாரணமே தருகிறது. பழைய போனைக் கொடுத்துப் புதிய போனை 20 ஆயிரத்துக்கு வாங்குகிறோம். பழையது தராமல் வாங்கினால் விலை 24 ஆயிரம். வரிக்கான மதிப்பு 24 ஆயிரம்தான். அமெரிக்காவின் பல மாநிலங்களில் காரை மாற்றினால் வித்தியாசத்துக்கு மட்டும் விற்பனை வரி. அங்கிருந்து வரும் பிள்ளைகள் சொல்வதைக் கேட்டு இங்கே கணக்குப் போடக்கூடாது.

எனக்கோ கோல்ஃப் சாமான் எதுவும் தேவையில்லை. ஆகவே நாமே விற்பது என்று முடிவு செய்தேன். விற்குமுன் ஷெட்டில் இன்ஜினைப் பார்ப்பது போல மட்டைகளைப் பரிசோதித்தேன். நீங்கள் வாங்குபவராக இருந்தாலும் இதே வரிசையில் பார்க்கலாம்.

முதலில், எண்ணிக்கை. நடுவில் ஓர் எண் மட்டை குறைந்தால் செட்டின் விலை நன்றாகவே இறங்கும். இரண்டாவது, வலக்கையா இடக்கையா. இடக்கை மட்டைக்கு ஆள் கிடைப்பது கடினம். மூன்றாவது, தண்டு. ஸ்டீலா கிராஃபைட்டா, அதன் மேல் ஆர், எஸ் என்று எந்த எழுத்து என்று பார்க்க வேண்டும். ஆர் சாதாரண வளைவு, எஸ் விறைப்பு. நான்காவது, முகத்தில் உள்ள கோடுகள். பந்தைச் சுழற்ற உதவுபவை இவை. வெட்ஜில்தான் முதலில் தேயும். ஐந்தாவது, பிடி. ரப்பர் இறுகிப் பளபளத்தால் மாற்ற வேண்டியிருக்கும். வெறும் அழுக்கு என்றால் வெந்நீரும் சோப்பும் போதும்.

ஆறாவது, போலியா என்பது. கோல்ஃபில் போலிகள் அதிகம். தலையும் தண்டும் சேரும் கழுத்தில் சீரியல் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள், பில்லைக் கேளுங்கள். டைட்டானியம் டிரைவர் என்று சொன்னால் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஸ்க்ரூ, எடைக்கட்டி உள்ள இடங்களை விட்டு மற்ற இடத்தில் ஒட்டினால் அது டைட்டானியம் அல்ல. ஒட்டாவிட்டால் டைட்டானியம்தான் என்றும் சொல்லிவிட முடியாது; சில வகை ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது.

ஏழாவது, விரிசல். ரயில் நிலையத்தில் சக்கரத்தைச் சுத்தியால் தட்டிப் பார்ப்பவரை நினைவிருக்கும். நல்ல சக்கரம் மணி போல ஒலிக்கும், விரிசல் விட்டது மந்தமாக ஒலிக்கும். மட்டைத் தலைகளையும் விரல் முட்டியால் தட்டிக் கேட்டேன். மூன்றாம் எண் மர மட்டை (பெயர்தான் மரம், தலை உலோகம்) சரியாக ஒலிக்கவில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் முகத்தின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு கீறல். கடைப் பையன் கண்ணில் இது படவில்லை. வாங்குபவர் கண்ணிலும் படாமல் போகலாம். சொல்வதா வேண்டாமா என்று ஒரு ராத்திரி யோசித்தேன். பிறகு விளம்பரத்திலேயே எழுதிவிட்டேன். விரிசலைப் பார்த்தும் 'ஃபிட்' என்று கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை.

இணையத்தில் படங்களோடு 42 ஆயிரம் என்று போட்டேன். மனசுக்குள் 30 ஆயிரம்; ஏலத்தில் ரிசர்வ் விலை வைப்பது போல. மறுநாளே ஒருவர் கூப்பிட்டார். ராணுவ அதிகாரி என்றார், இந்தியில் கம்பீரமாகப் பேசினார், பேரமே பேசவில்லை. தென்பிராந்திய ராணுவத் தலைமையகம் உள்ள ஊர் இது. பக்கத்து வீட்டிலேயே கர்னல் இருக்கிறார். நம்பினேன். முன்பணம் அனுப்புவதாகச் சொல்லி ஒரு கியூ.ஆர். படம் அனுப்பினார். ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் வரும் என்றார். போட்டேன். என் கணக்கிலிருந்து 4,999 ரூபாய் போயிற்று.

வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன். பணம் கொடுக்கத்தான் பின் நம்பர் வேண்டும். பணம் வருவதற்கு எதுவும் வேண்டாம். கூலி வாங்குபவன் பெட்டிச் சாவியைத் தர வேண்டுமா? டிப்ளமா படித்த எனக்கு அந்த ஒரு நிமிஷம் தோன்றவில்லை. உடனே 1930 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் செய்தேன். இதுவரை பணம் வரவில்லை. உங்களுக்கு நேர்ந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் அந்த எண்ணைக் கூப்பிடுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை முடக்கும் வாய்ப்பு அதிகம். மனைவி அன்று ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அதன் பிறகு ஜாக்கிரதையாக இருந்தேன். நேரில் வருபவரிடம் மட்டும் பேச்சு. வீட்டுக்குள் அழைக்காமல், ஆள் நடமாட்டமுள்ள பயிற்சி மைதானத்தில் சந்திப்பு. பணம் என் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகே பை கைமாறும். பலர் வந்து பார்த்துப் போனார்கள். ஏழாவது வாரம் ஒரு வங்கி ஊழியர், மைதானத்தில் மட்டைப் பை சுமக்கும் கேடி ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்தார். கேடி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அந்தக் கீறலை நானே காட்டியதும், "மற்றவற்றையும் நம்பலாம் சாஹேப்" என்று மராத்தியில் அவரிடம் சொன்னார். 36 ஆயிரத்துக்குப் பேசி, கீறலுக்காக 3 ஆயிரம் குறைத்து, 33 ஆயிரத்துக்கு முடிந்தது. ஒரு தாளில் மட்டைகளின் விவரம், சீரியல் நம்பர், குறை, விலை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

கணக்கு இதோ. வரவு 33,000. மோசடியில் போனது 4,999. ஆட்டோ, சுத்தம் செய்ய 701. மீதி 27,300. கடையின் ரொக்க விலையை விட 11,300 அதிகம். நான் செலவிட்டது சுமார் 20 மணி நேரம். மணிக்கு 565 ரூபாய். ஓய்வூதியக்காரனுக்கு மோசமில்லை. வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இது கட்டாது என்றால், வித்தியாசத்தை மணிக்கணக்கால் வகுத்துப் பார்த்து முடிவு செய்யட்டும்.

என் அபிப்பிராயம் இது. சாமான் பழைய மாடல், செட் முழுமையாக இல்லை, ஊரை விட்டு அவசரமாகக் கிளம்புகிறீர்கள், அல்லது தெரியாதவர்களோடு பேசப் பயம் என்றால் கடைக்கே கொடுங்கள். ஆனால் எக்ஸ்சேஞ்ச் இல்லாத விலையைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். பொருள் நல்ல நிலையில், பில்லோடு இருந்து, இரண்டு மாதம் பொறுக்க முடிந்தால் நீங்களே விற்பது மேல்.

ஒன்று சொல்ல மறந்தேன். செட்டில் சேராத பழைய ஏழாம் எண் இரும்பு மட்டை ஒன்று பையின் அடியில் கிடந்தது. அந்தக் கேடி தன் பையனும் ஆடுகிறான் என்றார். கொடுத்துவிட்டேன். 1991-ல் இந்தியன் ஓப்பன் பட்டம் வென்ற அலி ஷேர், டில்லி மைதானத்தில் கேடியாக இருந்தவர். 2016, 2017 இரண்டு வருஷமும் வென்ற சௌராசியாவின் தகப்பனார் ராயல் கல்கத்தா மைதானத்தில் புல்தரை பராமரிப்பவர். அப்படிப்பட்ட வீட்டுப் பையன்கள் கடையில் புது செட் வாங்கி ஆட்டத்தை ஆரம்பிப்பதில்லை. யாராவது பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு.

மகனிடம் கணக்கைச் சொன்னேன். "ஏழாம் எண்தான் அப்பா நான் முதலில் வாங்கியது" என்றான். "திருப்பிக் கேட்கவா?" என்றேன். "வேண்டாம், ஆடட்டும்" என்றான்.