தரையில் ஆட்டம் காணும் சேத்தக்

ஆவடியைத் தாண்டி மேற்கே செல்லும் ரயில் பாதையில் வருவது அரக்கோணம். 1992-இல் அங்கே தொடங்கப்பட்ட ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தில்தான் கடற்படை ஹெலிகாப்டர் விமானிகள் சேத்தக்கில் பழகுகிறார்கள். பிரான்சின் அலூவெட் 3 வடிவமைப்பில் எச்.ஏ.எல். கட்டிய ஹெலிகாப்டர் இது.

மேலே மூன்று இறக்கைகள். ஒவ்வொன்றும் தன் கீலில் சற்றே முன்பின் அசையும். ஒரு சக்கரம் மட்டும் தரையில் பலமாக மோதினாலோ, அசைவை அடக்கும் டாம்பர் தேய்ந்திருந்தாலோ, இறக்கைகளுக்கு இடையிலான 120 பாகை இடைவெளி கலையும். சுழலியின் எடைமையம் நடுவிலிருந்து விலகும். சக்கரங்களின் மேல் உடல் ஆடும் வேகத்தோடு அந்த இழுப்பு ஒத்துப்போனால், நேரம் பார்த்துத் தள்ளிய ஊஞ்சலைப் போல ஆட்டம் பெருகும். சில நொடிகளில் ஹெலிகாப்டரே உடைந்து சிதறலாம். இதுவே தரை ஒத்ததிர்வு.

யோசிக்க நேரமில்லை. சுழலி பறக்கும் வேகத்தில் இருந்தால் உடனே மேலெழும்ப வேண்டும். சக்கரம் தரையை விட்டால் ஆட்டம் அடங்கும். வேகம் குறைவா? கலெக்டிவ் நெம்புகோலை முழுதும் இறக்கி, எஞ்சினை நிறுத்த வேண்டும். விமானியின் சாமர்த்தியம் கடைசித் துணைதான். டயர் காற்றையும் டாம்பரையும் முன்கூட்டியே சோதிக்கும் மெக்கானிக்கே முதல் காவல்.

இரண்டே இறக்கை கொண்ட பெல் 47-இல் இந்தக் கீல் கிடையாது. இந்தத் தொல்லையும் கிடையாது.