ஓடாத செயினும் கையைக் கிழிக்கும்

1946-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓரிகன் காட்டில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, மரத்தைக் குடைந்துகொண்டிருந்த ஒரு வண்டுப் புழுவைக் கவனித்தார். அதன் தாடைகள் இடமும் வலமுமாக மரத்தைச் செதுக்கின. அதைப் பார்த்து அவர் வடிவமைத்த செயின்தான் இன்றைய மரம் அறுக்கும் மெஷின்களில் ஓடும் செயினுக்கு முன்னோடி. இடம், வலம் என்று மாறி மாறி அமைந்த அதன் பற்கள் மரத்தைச் சீவிக்கொண்டே போகும். மழுங்கிவிட்டதென்று கழற்றப்போகும் செயினில்கூடத் தோலைக் கிழிக்கும் கூர்மை மிச்சமிருக்கும். தடித்த கையுறை இல்லாமல் தொடவே கூடாது.

செயினை மாற்றும் முன், பெட்ரோல் மெஷினில் சுவிட்சை அணைத்து, ஸ்பார்க் பிளக்கின் மூடியையும் கழற்றிவிடுங்கள். மின்சார மெஷினென்றால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். நம்மை எளிதில் ஏமாற்றுவது பேட்டரி மெஷின்தான். அது ஓடத் தயாராக இருக்கிறதா, அணைந்துவிட்டதா என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. பேட்டரியை உருவித் தள்ளி வைத்த பிறகே ஸ்பேனரை எடுங்கள். சூடான பாரும் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு) சைலன்சரும் ஆறட்டும்.

பாரின் அடிப்பகுதியை மறைக்கும் பக்க மூடியின் நட்டுகளைக் கழற்றும் முன் செயின் பிரேக்கை விடுவிக்க வேண்டும். சில மெஷின்களில் பிரேக் பட்டை அந்த மூடிக்குள்ளேயே இருக்கிறது. பிரேக் பிடித்தபடி கழற்றினால் மூடி திரும்ப உட்காராது. புதுச் செயின் அளவிலும் கண்ணிகளின் எண்ணிக்கையிலும் பாருக்குப் பொருந்த வேண்டும். பாரின் மேல்விளிம்பில் பற்களின் வெட்டுமுனை நுனியை நோக்கியிருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் மரம் அறுபடாது, புகைதான் வரும்.

இவ்வளவும் சரியாகச் செய்தவர்கள்கூட அவசரப்படும் இடம், செயினை இறுக்குவது. முழு வேகத்தில் செயின் நொடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடுகிறது. தளர்ந்திருந்தால் பாரைவிட்டுக் கழன்று, மெஷினைப் பிடித்திருப்பவர் பக்கமே வீசும். பாரின் நுனியை மேலே தூக்கிப் பிடித்தபடி இறுக்கும் திருகைத் திருப்புங்கள். நுனியை இறக்காமலே நட்டுகளை முறுக்குங்கள். நுனி தொங்கிய நிலையில் முறுக்கினால், அறுக்கும்போது பார் மேலெழும்பிச் செயின் தொய்ந்துவிடும். பாரின் அடிவிளிம்பைச் செயின் ஒட்டியிருக்க வேண்டும். அதேசமயம் கையுறைக் கையால் இழுத்தால் தடையில்லாமல் நகரவும் வேண்டும்.

புதுச் செயின் முதல் சில அறுப்புகளிலேயே நீளும். ஆகவே மெஷினை அணைத்து மறுபடி சரிபாருங்கள். சூட்டில் நீண்டிருக்கும்போது இறுக்கிய செயினை, வேலை முடிந்ததும் தளர்த்தி வையுங்கள். இல்லாவிட்டால் ஆறும்போது அது சுருங்கிப் பாரை நெரிக்கும்; அந்த இழுப்பு எஞ்சினின் கிராங்க் தண்டையும் பேரிங்கையும் கெடுத்துவிடும்.