அந்தமான் கடலில் ஐந்து நாள் தூண்டில் பயணம்

தூண்டில் போட்டு மீன் பிடிப்பதைக் குளக்கரையோடும் ஆற்றங்கரையோடும் இணைத்தே நம்மில் பலர் எண்ணி வந்திருக்கிறோம். அந்தமான் கடலில் வேறொரு வகைத் தூண்டில் பயணம் உண்டு. நண்பர்கள் நால்வரோ அறுவரோ ஒன்று சேர்ந்து, படுக்கையும் சமையலறையும் கொண்ட ஒரு படகை அதன் மாலுமிகளோடு வாடகைக்கு அமர்த்திக்கொள்கிறார்கள். நான்கைந்து நாட்கள் கரை திரும்பாமல் கடலிலேயே தங்குகிறார்கள். இரவில் ஏதேனும் ஒரு தீவின் மறைவில் நங்கூரம் பாய்ச்சிப் படகிலேயே உறங்குகிறார்கள். பிடித்த மீன்களில் பெரும்பாலானவற்றை மீண்டும் கடலிலேயே விட்டுவிடுகிறார்கள்.

தில்லியிலும் கொல்கத்தாவிலும் நாகபுரியிலும் உத்தியோகம் பார்க்கும் தமிழர் அறுவராகிய நாங்கள் இத்தகைய பயணத்தை இருமுறை மேற்கொண்டிருக்கிறோம். எங்களில் எவரும் கடல்தொழில் அறிந்தவர் அல்லர். கோப்புகளோடும் கணக்கேடுகளோடும் காலம் கழிப்பவர்கள். ஊருக்குப் போகும் வருடாந்தர விடுமுறையில் ஒரு வாரத்தை ஒதுக்கி வைத்து, சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் விமானமேறிப் போய்ச் சேர்ந்தோம். போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கிய அந்நகருக்கு 2024ஆம் ஆண்டு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது. சென்னையிலிருந்து ஏறக்குறைய 1,190 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அவ்வூருக்குக் கப்பலிலும் போகலாம். ஆனால் மூன்று நாட்கள் கப்பலிலேயே கழிந்துவிடும்.

விவரம் கேட்டு எழுதும் அன்பர்கள் பெரும்பாலும் தூண்டிற்கோல் எத்தனை அடி, நரம்பு எத்தனை கிலோ தாங்கும் என்றே வினவுகிறார்கள். கருவிகளைப் படகுக்காரரிடமே வாடகைக்குப் பெறலாம். அது பெரிய சங்கதியன்று. ஐம்பது அடி நீளமுள்ள ஓரிடத்தில், இறங்கிப் போக வழியின்றி, அறுவர் ஐந்து நாட்கள் கூடியிருக்க வேண்டும் என்பதே பெரிய சங்கதி. கடலைப் பற்றி எவருடைய சொல் முடிவானது, எவர் எப்போது தூண்டில் வீசுவது, பிடிபட்ட மீன்களில் எதைக் கொல்வது, எதை விடுவது என்பனவற்றைக் கரையிலேயே பேசி முடித்துக்கொள்ளாமல் ஏறியவர்கள், நண்பர்களாகத் திரும்புவது கடினம். அதற்கும் மேலாக, உயிருக்கே தீங்கு நேரவும் கூடும்.

முதலில், அந்தக் கடலில் பெருமீன்கள் ஏன் கிடைக்கின்றன என்று பார்ப்போம். அந்தமான் தீவுகள், பர்மாவின் அரக்கான் மலைத்தொடர் கடலுக்குள் மூழ்கிச் சுமத்திரா வரை நீளும் வரிசையின் சிகரங்களாகும். ஆதலால், தமிழகக் கடற்கரையைப் போல நெடுந்தூரம் ஆழமற்ற அடித்தளம் அங்கே இல்லை. பவளப்பாறையின் விளிம்பைத் தாண்டிச் சில கிலோமீட்டர் சென்றால் ஆழம் நூற்றுக்கணக்கான மீட்டராகிவிடுகிறது. ஓதம் ஏறி இறங்கும்போது ஆழ்கடல் நீர் அவ்விளிம்பில் மோதி மேலெழுகிறது. சிறுமீன்கள் அங்கே கூடுகின்றன. அவற்றைத் தேடிப் பாறை, சூரை, மயில்மீன், வஞ்சிரம் முதலியவை வருகின்றன. காருவாவையும் வெள்ளுவாவையும் ஒட்டிய நாட்களில் ஓதத்தின் ஏற்றத்தாழ்வு ஏறக்குறைய 2 மீட்டர் வரை இருக்கும். அனுபவமுள்ள படகுத் தலைவர், பயணத்துக்கு நாள் குறிக்கும்போது முதலில் பஞ்சாங்கத்தைத்தான் புரட்டுகிறார்!

பருவத்தைப் பொறுத்தவரையில் ஜனவரி முதல் ஏப்ரல் வரையே உகந்த காலம். நவம்பர், டிசம்பர் மாதங்களில் வங்கக் கடலில் புயற்சின்னங்கள் தோன்றும். மே மாத நடுவில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் சிறு படகுகளுக்கு வேலையில்லை. தீவுகள் கிழக்கே வெகுதூரம் தள்ளியிருந்தும் கடிகாரம் நம் நாட்டுப் பொது நேரத்தையே காட்டுகிறது. மார்ச் மாதத்தில் காலை ஐந்தரை மணிக்கு முன்பே சூரியன் உதித்து, மாலை ஐந்தரை மணி அளவில் மறைந்துவிடுகிறது. தில்லியில் எட்டு மணிக்கு எழுந்து பழகியவர்கள் முதல் நாளே நல்ல மீன்களை இழந்துவிடுவார்கள்.

படகை அமர்த்தும்போது கேட்க வேண்டியவை சில உண்டு. எங்கள் முதற்பயணத்தில் இடைத்தரகர் ஒருவர், ஆறு படுக்கைகள் உண்டென்று உறுதி கூறியிருந்தார். ஏறிப் பார்த்தபோது இருந்தவை நான்கே. எங்களில் இருவர் ஐந்து இரவும் மேல்தளத்தில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு உறங்கினார்கள். படுக்கை குறைந்தால் உறக்கம் போகும், அவ்வளவே. அபாய அறிவிப்புக் கருவி குறைந்தால் நிலைமை வேறு. துறைமுகத்தை விட்டுச் சில மணி நேரத்தில் கைத்தொலைபேசி ஓய்ந்துவிடும். சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே கடலடிக் கம்பி 2020ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பின் கரையில் இணைப்பு மேம்பட்டது உண்மையே. நடுக்கடலுக்கு அதனால் பயனில்லை. செயற்கைக்கோள் தொலைபேசியை உரிய அனுமதியின்றி எவரும் வைத்துக்கொள்வதைச் சட்டம் தடுக்கிறது. ஆகவே படகில் கடல்வானொலி இயங்குகிறதா, அதன் 16ஆம் அலைவரிசையில் பேசத் தெரிந்தவர் இருவரேனும் இருக்கிறார்களா, செயற்கைக்கோள் வழி அபாயச் செய்தி அனுப்பும் கருவி உண்டா, ஒவ்வொருவருக்கும் மிதவைச் சட்டை உண்டா என்று பார்த்தே ஏறவேண்டும். இவற்றைக் கேட்டுக் கோபிக்கும் படகுக்காரரை விட்டு விலகுவதே நலம்.

சட்டத்தின் எல்லைகளும் அங்கே கடலின்மேல்தான் வரையப்பட்டுள்ளன. வண்டூரை ஒட்டிய மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா 1983ஆம் ஆண்டும், ரிச்சி தீவுக்கூட்டத்திலுள்ள ராணி ஜான்சி கடல்சார் தேசியப் பூங்கா 1996ஆம் ஆண்டும் அமைக்கப்பட்டவை. அவற்றினுள் தூண்டிலை நனைத்தல் ஆகாது. நிக்கோபார் தீவுகளுக்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். தொல்குடியினர் பாதுகாப்புக்கான 1956ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியின்படி, வட சென்டினல் தீவைச் சுற்றி 5 கடல்மைல் வரை எப்படகும் நெருங்கலாகாது. அத்தீவினரின் உடல், நமக்குச் சாதாரணமான சளிக்காய்ச்சலையும் தாங்காது என்பது இவ்விதிக்கு ஒரு காரணம். அயலார் வருகையை அவர்கள் விரும்பவில்லை என்பது மற்றொரு காரணம்.

2006ஆம் ஆண்டு ஜனவரியில், அத்தீவின் அருகே அனுமதியின்றி நண்டு பிடிக்கச் சென்ற மீனவர் இருவர், இரவில் படகிலேயே உறங்கினார்கள். நங்கூரம் பிடி விட்டது. உறக்கத்திலேயே படகு ஆழமற்ற நீருக்கு இழுத்துச் செல்லப்பட்டது. இருவரும் தீவினரால் கொல்லப்பட்டனர். படகில் இரவு தங்குவோர் இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்கவேண்டும். கடல் உறங்குவதில்லை, நங்கூரக் கயிற்றுக்கு ஒருவர் காவல் இருந்தே ஆகவேண்டும். மாலுமிகள் முறைவைத்து விழித்திருந்தார்கள் என்றாலும், நாங்களும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருவராக அவர்களோடு உட்கார்ந்தோம். நள்ளிரவில் மேல்தளத்தில் விண்மீன்களின் கீழ் அமர்ந்து, கயிறு இழுபடும் கோணத்தையே பார்த்துக்கொண்டிருந்த அந்த இரண்டு மணி நேரங்கள்தாம், மீன்களைவிட எங்கள் நினைவில் நன்கு நிற்கின்றன.

எங்கள் இரண்டாம் பயணத்தின் படகுத் தலைவர் கரேன் இனத்தவர். பர்மாவிலிருந்து 1925ஆம் ஆண்டு முதல் வந்து, மத்திய அந்தமானில் மாயாபந்தர் பகுதியில் குடியேறிய இவ்வினத்தார் கடலறிவில் தேர்ந்தவர்கள். சமையற்காரர் வங்காளி. உதவியாளராக இருந்த இளைஞரோ தமிழர்! இலங்கையிலிருந்து 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தத்துக்குப் பின் திரும்பி வந்து, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பம் ஒன்றின் பேரன் அவர். எல்லோருக்கும் பொதுமொழி இந்தி. எங்களோடு மட்டும் அவர், “அண்ணே, நரம்பை விரல்ல சுத்தாதீங்க” என்று தமிழில் எச்சரிப்பார். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எமக்கு மீன்களின் பெயர்களே பெரும் புதிராயின. எங்களுள் சென்னைக்காரர் வஞ்சிரம் என்றதைத் தூத்துக்குடிக்காரர் நெய்மீன் என்றார். அதையே சீலா என்றும் தம் ஊரில் சொல்வதுண்டு என்றார். சென்னையில் சீலா என்பதோ முற்றிலும் வேறொரு மீன். இவ்வழக்கு இன்னும் தீரவில்லை.

மூன்றாம் நாள் பாரன் தீவுக்குப் போவதாகத் திட்டம். ஸ்ரீ விஜயபுரத்துக்கு வடகிழக்கே ஏறக்குறைய 140 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அத்தீவு, நம் நாட்டில் இன்றும் உயிர்ப்புள்ள எரிமலை. 1787ஆம் ஆண்டு முதல் அதன் குமுறல்கள் பதிவாகியுள்ளன. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அடங்கியிருந்து, 1991ஆம் ஆண்டு மீண்டும் பொங்கியது. எங்கள் படகின் வேகத்துக்கு எட்டு, ஒன்பது மணி நேரப் பயணம். இடையில் ஒதுங்குவதற்கு ஒரு திட்டும் இல்லை. அன்று விடியலில் படகுத் தலைவர் வானத்தைப் பார்த்தார், கிழக்கிலிருந்து நீண்ட அலைகள் வருவதைப் பார்த்தார், போகவேண்டாம் என்றார். நாகபுரி நண்பருக்கு முகம் வாடிவிட்டது. ஓய்வு பெறப் பதினோரு மாதங்களே இருந்த அவர், இனி இத்தனை செலவு செய்து வர இயலாது என்பதைப் பலமுறை கூறியிருந்தார். எரிமலையைக் காண்பதற்கென்றே வந்தவர். கூடுதல் பணம் தருவதாகவும் சொல்லிப் பார்த்தார். படகுத் தலைவர் சிரித்துக்கொண்டே தலையை அசைத்தார். கடலைப் பற்றி அவர் சொல்லே முடிவு என்று கரையிலேயே பேசியிருந்ததால், எங்களுள் மற்ற ஐவரும் வாதத்தில் இறங்கவில்லை. அன்றிரவு காற்று அப்படியொன்றும் பலமாக வீசவில்லை. ஆயினும் முடிவு பிழையென்று எவரும் கூறவில்லை. நாகபுரி நண்பரும் கூறவில்லை. அவர் எரிமலையைக் காணாமலே ஊர் திரும்பினார்.

தூண்டில் வீசும் முறையைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். பாறை இனத்தில் மிகப் பெரியதும், ஆங்கிலத்தில் ஜயன்ட் ட்ரெவாலி எனப்படுவதுமான மீனையே இப்பயணத்தில் எல்லோரும் நாடுகிறார்கள். 2006ஆம் ஆண்டு ஜப்பானில் தூண்டிலில் பிடிபட்டதொன்று 72.8 கிலோ இருந்தது. அதுவே உலகச் சாதனையாகப் பதிவாகியிருக்கிறது. இதற்கு இரை வேண்டியதில்லை. முகம் குழிந்த ஒரு பொய்மீனை அலை உடையும் பாறை விளிம்புக்கு வீசி வெட்டி வெட்டி இழுத்தால், அது ‘களக்’ என்று நீரை அள்ளி இறைக்கும். அவ்வோசைக்கு மீன் பாய்கிறது. கவ்வியவுடன் பவளப்பாறைக்குள் புக முயலும்; முதற்சில நொடிகளில் தடுக்காவிட்டால் நரம்பு அறுந்துவிடும். எனவே உருளையின் பிடியை மிக இறுக்கமாக வைக்கிறார்கள். இழுப்பவரின் இடுப்பை மற்றொருவர் பின்னாலிருந்து பற்றிக்கொள்வது வேடிக்கைக்காக அன்று.

படகின் அணியத்தில் ஒரு நேரத்தில் இருவரே நின்று வீசலாம்; மூவர் நின்றால் முள் யாருடைய காதிலேனும் ஏறும். ஆகவே அறுவருக்கும் அரைமணி முறை வைத்தோம். மீன் மாட்டினால், அதைக் கரைசேர்த்ததும் அவர் முறை முடிந்தது. அரைமணி நிறையாவிட்டாலும் அடுத்தவருக்கு இடம் விடவேண்டும். சிறிய ஏற்பாடுதான். ஆனால் இரண்டு நாட்கள் ஒன்றும் கிடைக்காத நண்பர், மூன்று மீன் பிடித்தவரை நோக்கும் பார்வையைக் கண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மீனை விடுவிப்பதிலும் உண்மையான விடுதலை உண்டு, பெயரளவில் விடுதலை உண்டு. மேற்பரப்பில் பிடித்த பாறையை, எதிர்முள் இல்லாத ஒற்றை முள்ளினால் பிடித்து, ஈரக் கைகளால் வயிற்றைத் தாங்கி, படம் எடுத்துக்கொண்டு உடனே நீரில் விட்டால் அது பெரும்பாலும் பிழைக்கும். நாம் மூச்சடக்க இயலும் நேரத்துக்குமேல் அதை வெளியில் வைத்திருத்தல் கூடாது. நெடுநேரம் போராடிக் களைத்த மீனைச் சுறா எளிதில் பற்றும். சுறாக்கள் கூடிவிட்டால் அவ்விடத்தை விட்டு நகர்வதே முறை. ஆனால் 60, 70 மீட்டர் ஆழத்திலிருந்து இழுத்த கலவாவின் கதை வேறு. மேலே வரவர நீரழுத்தம் குறைகிறது. வயிற்றிலுள்ள காற்றுப்பை ஊதிப் பெருத்து, இரைப்பை வாய்வழியே பிதுங்குகிறது. அதைக் கடலில் விட்டாலும் கீழே இறங்க மாட்டாமல் மிதந்து மடியும். மேலும், கலவா இனங்களில் பல பெண்ணாகவே வளர்ந்து, வயது முதிர்ந்தபின் ஆணாக மாறுபவை. ஒரு பாறையிலுள்ள பெரிய கலவாக்களை எல்லாம் பிடித்துவிட்டால், எஞ்சிய பெண்மீன்களுக்குத் துணையில்லாமற் போகும். அதனால் நாங்கள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அன்றைய சமையலுக்கு நடுத்தர அளவில் இரண்டு கலவா கிடைத்தவுடன் ஆழத்தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும். பின்னும் ஆசையிருந்தால் மேற்பரப்பில் வீசிக்கொள்ளலாம். மிகப் பெரிய கலவா வகையும் திமிங்கலச் சுறாவும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2001ஆம் ஆண்டு முதல் காக்கப்படுகின்றன. பவளத் துண்டும் அவ்வாறே. கரையொதுங்கியது என்று எடுத்து வந்தால் விமான நிலையத்தில் பதில் சொல்ல நேரும்.

எடுத்துச் செல்லவேண்டிய பொருள்களுள் குமட்டலுக்கான மாத்திரை முதன்மையானது. வாந்தி வந்தபின் விழுங்குவதில் பயனில்லை, படகு ஏறுமுன்பே உட்கொள்ளவேண்டும். குளிக்க நன்னீர் ஆளுக்கு ஒரு வாளிக்குமேல் கிடைக்காது. படகில் கடுகெண்ணெயும் மஞ்சளும் தாராளமாக உண்டு, புளி கிடையாது. வங்காளிச் சமையற்காரரின் கடுகு விழுதிட்ட மீன்குழம்பு மிகச் சிறந்ததே. ஆனாலும் நான்காம் நாளில் தூத்துக்குடி நண்பர் தம் பையிலிருந்து புளியுருண்டையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் நுழைந்தபோது, கச்சால் இளைஞர் சட்டி கழுவ முதல் ஆளாக எழுந்து ஓடினார்.