தோட்டத்து வீட்டுக்கு இணையம்

கொழும்பிலிருந்து அவிசாவளை, கரவனல்லை வழியாக அட்டன் நோக்கி ஏறுகின்ற நெடுஞ்சாலையிலே, களனி கங்கையின் அருகில் அமைந்த ஊர் யட்டியாந்தோட்டை. ஒரு காலத்தில் களனிப் பள்ளத்தாக்கின் சிறுபாதை ரயில் இவ்வூர்வரை வந்து இறப்பரையும் தேயிலையையும் ஏற்றிச் சென்றது. ரயில் எதுவரை வரும் என்பதை அன்று தீர்மானித்தவை மலைகள். இணையம் எதுவரை வரும் என்பதை இன்று பெரும்பாலும் தீர்மானிப்பவையும் அதே மலைகளே.

2020 மார்ச்சில் பெருந்தொற்றின் பொருட்டு இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்கள் கைத்தொலைபேசிக்கு வந்து சேர்ந்தன. மலைநாட்டுப் பிள்ளைகள் பலர் அலைவரிசை தேடிப் பாறைகளிலும் மரங்களிலும் ஏறி அமர்ந்து படித்ததை நாடே கண்டது. பாடசாலைகள் திறந்துவிட்டன, தேவை தீரவில்லை. பரீட்சைப் பெறுபேறுகள் முதலில் இணையத்திலேயே வெளியாகின்றன. பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்பமும் இணைய வழியே, குறித்த நாளுக்குள் சேர வேண்டும். அந்நாள் தவறினால் பிள்ளைக்கு ஓராண்டு போய்விடும். ஆதலால் வீட்டுக்கு நல்லதோர் இணைப்பைப் பெறுவது எவ்வாறு என்பதை ஆராய்ந்தறிதல் தகும்.

அகலப்பட்டை இணைப்பு என்பது எந்நேரமும் திறந்திருக்கும் அகன்ற வாய்க்கால் போன்றது. அதன் வேகம் மெகாபிட்டில் கூறப்படும். நாம் இறக்கிக் கொள்ளும் பாடமும் படமும் மெகாபைட்டில் அளக்கப்படும். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே விளம்பரத்தில் 16 மெகாபிட் என்றிருந்தால், நொடிக்குக் கிடைப்பது மிகுந்தால் 2 மெகாபைட்டே. காணொளி வழியே பாடம் கேட்க நொடிக்கு இரண்டு மூன்று மெகாபிட் தடையின்றி வந்தாலே போதுமானது. தடையின்றி என்பதே இங்கு முக்கியம்.

இணைப்பு வருகின்ற வழிகளுள் செப்புத் தொலைபேசிக் கம்பி பழையது. தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் கூடக்கூட அதன் வலு குன்றும். ஐந்து கிலோமீற்றருக்கு அப்பால் பயன் ஏறக்குறைய இல்லை. அதனிடத்தை இப்போது கண்ணாடி நார், அஃதாவது ஃபைபர், பிடித்து வருகின்றது. அதிலே செல்வது மின்சாரம் அன்று, ஒளி. பல கிலோமீற்றர் சென்றாலும் அது தளர்வதில்லை. நெடுஞ்சாலைக் கம்பங்களில் ஃபைபர் ஓடுமாயின், சாலையோரக் கடைக்காரர் வேறொன்றை நாடத் தேவையில்லை. ஆனால் பனாவத்தை, வீ ஓயா போன்ற தோட்டங்களின் மேற்பிரிவுகளுக்கு அக்கம்பி ஏறிச் செல்லும்வரை, காற்று வழியே வருகின்ற 4ஜி இணைப்பே பலருக்குத் துணை.

இங்கேதான் மலையின் விளையாட்டு. வானலைகள் ஓரளவு வளைந்து செல்லும் இயல்புடையவையெனினும், குன்றின் மறைவிலே நிழல் விழுவதுபோல அலைக்கும் நிழல் விழும். ஒரே லயத்தில் முதற் காம்பராவில் நன்றாய்க் கிடைப்பது கடைசிக் காம்பராவில் கிடையாமற் போவதுண்டு. ஆகவே ரவுட்டர் வாங்குமுன், ஒவ்வொரு கம்பனியின் சிம் அட்டையையும் அயலாரிடம் இரவல் பெற்று, வைக்கப்போகும் இடத்திலேயே வேகத்தைச் சோதித்தல் வேண்டும். காலையில் சோதித்தால் ஏமாற்றமே மிஞ்சும். எல்லோரும் வீடு திரும்பிய இரவு எட்டு மணிக்குச் சோதித்தால் உண்மை புலப்படும். தகரக் கூரை அலையைத் தடுத்துவிடும்; ரவுட்டரை அலுமாரியின் மேல் வைப்பதைவிடக் கோபுரத்தை நோக்கிய சன்னலருகே வைப்பது நன்று. அதுவும் போதாதெனின், கூரைக்கு மேலே ஒரு வெளி அன்ரனாவைக் கோபுரத் திசைக்குத் திருப்பிப் பொருத்தலாம். சில அடி உயரமே பெருமாற்றம் செய்யும்.

கூரையில் உலோகத்தை நிறுத்துபவர் இடிமின்னலை மறத்தலாகாது. சப்பிரகமுவ அதற்குப் பேர்போனது. பங்குனி சித்திரையிலும், ஐப்பசி கார்த்திகையிலும் பிற்பகல்தோறும் முழங்கும். சுவிச்சை அணைத்தால் மட்டும் போதாது. முழக்கம் கேட்குமுன்னரே மின்பிளக்கையும் அன்ரனாக் கம்பியையும் கழற்றிவிட வேண்டும். கண்ணாடி நாரில் மின்னல் பாய்வதில்லை. ஆனால் அதன் பெட்டிக்கு மின்சாரம் தரும் கம்பியில் பாயும்.

கருவியைக் காட்டிலும் கடினமானது விலாசம். இணைப்புக்கு விண்ணப்பிப்போரிடம் தேசிய அடையாள அட்டையும், வசிப்பிடத்துக்குச் சான்றாக மின்கட்டணப் பட்டியல் போன்றதொரு பத்திரமும் பொதுவாகக் கேட்கப்படுகின்றன. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாகி, 1992இல் பிராந்திய தோட்டக் கம்பனிகளின் நிருவாகத்துக்குச் சென்றன. லயத்தில் தலைமுறைகளாக வாழ்ந்தோருள் மிகப் பலருக்கோ காணியுறுதி கிடைத்ததில்லை. தோட்டக் காரியாலயமே கடிதத்துக்கு விலாசமாய் இருந்துவந்த குடும்பம், தன் காம்பராவுக்குச் சான்று காட்டுவது எங்ஙனம்? இத்தகையோர் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழை முன்கூட்டியே பெற்றுக்கொள்வது நன்று. கம்பம் நாட்டவோ, தேயிலை மலையினூடே கம்பி இழுக்கவோ நேரின், தோட்ட நிருவாகத்தின் அனுமதியை எழுத்திலே பெறுதல் வேண்டும். வாய்மொழி அனுமதி, துரை மாறினால் மாறிவிடும்.

கம்பனியுடன் பிணக்கு நேர்ந்து அங்கே தீராவிடின், 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்தியிருத்தல் அவசியம்.

2025 ஜூலையிலிருந்து ஸ்டார்லிங்க் என்னும் செய்மதி இணைப்பும் இலங்கையில் கிடைக்கின்றது. கோபுரமே தெரியாத பள்ளத்துக்கும் அது வரும். ஆனால் தலைக்கு மேலே மரம் மறைக்காத வானம் வேண்டும். அதன் விலை ஒரு தொழிலாளர் குடும்பத்துக்கு எட்டாதது. கித்துல்கலைப் பக்கத்து விடுதிக்காரருக்கு ஒருவேளை கட்டுப்படியாகும்.

மழை நாட்களில் மின்சாரம் அடிக்கடி தடைப்படும் இப்பகுதியிலே, பல ரவுட்டர்கள் 12 வோல்ற் நேரோட்டத்தில் இயங்குவன என்பதை அறிந்து வைத்தல் பயன்தரும். அதற்கேற்ற சிறு மின்கலப் பெட்டியொன்று சில மணி நேரம் தாங்கும். கடைக்காரரின் கியூஆர் கொடுப்பனவு நின்றுபோகாது.

பொருத்துநர் வந்த அன்று, அவர் புறப்படுமுன், ரவுட்டரின் அருகில் அன்றிப் பிள்ளை படிக்கும் மூலையிலே வேகத்தைச் சோதித்துப் பார்த்தல் வேண்டும். கருங்கற் சுவர் ஒன்றைக் கடந்தாலே பாதி குறைந்துவிடக்கூடும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் கடவுச்சொல்லையும் உடனே மாற்றிவிடுதல் நன்று. லயத்திலே ஒரு வீட்டின் இணைப்பை நான்கு வீடுகள் பகிர்வது புதுமையன்று. அப்படிப் பகிர்ந்தால், அளவு குறிக்கப்பட்ட பொதியில் மாத ஒதுக்கீடு இருபதாந் தேதிக்கே தீர்ந்துவிடும்; படம் பார்ப்பதை நள்ளிரவுக்குப் பிந்திய ஒதுக்கீட்டுக்குத் தள்ளி, பகற்பொழுதைப் பாடத்துக்கு விட்டுவைப்பதாக நான்கு வீட்டாரும் முதலிலேயே பேசி முடித்துக்கொள்ள வேண்டும்.